நாற்பது இறாத்தல் வில்

"அவவின்ரை முழங்கை பதிஞ்சு நிக்குது எண்டு சொல்லும், தம்பி."

சொன்னவர் என் அண்ணை. கேட்டுக்கொண்டு நின்றவர் என் கணவர் அன்ரன். 'அவ' என்பது நான். மூன்று பேரும் ஒரு குடைக்குள் அடங்கக்கூடிய தூரத்தில்தான் நின்றோம்.

ஹவுன்ஸ்லோவில் ஒரு பள்ளிக்கூட மைதானம். சனிக்கிழமை காலை. மாதம் ஆவணிதான், ஆனால் லண்டன் வானத்துக்கு அதை யார் போய்ச் சொல்வது? தூறிக்கொண்டே இருந்தது. என் கையில் வில். வில்லில் அம்பு. தூரத்தில் வைக்கோலைத் திரித்துச் செய்த வட்டத் தட்டி, அதன்மேல் நிறநிறமாக வளையம் போட்ட கடதாசி. தலைக்கு மேலே ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானங்கள், சக்கரம் தெரிகிற அளவுக்குப் பதிவாகத் தாழ்ந்து, ஒன்றுக்குப் பின் ஒன்று.

அன்ரன் என் பக்கம் திரும்பினார். "வதனி, உம்மடை முழங்கை பதிஞ்சு நிக்குதாம்."

"எனக்குக் காது கேக்கும்" என்றேன்.

"காது கேக்குமாம், மச்சான்" என்று அந்தப் பக்கம் திரும்பி ஒப்புவித்தார் என் புருஷன். மனுஷனுக்கு அன்று முழுக்க இதுதான் உத்தியோகம்.

அண்ணை என்னோடு கதைத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஏழு வருஷத்தை முடித்துவைக்கத்தான் நான் வில்லைத் தூக்கினேன். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான்.

விமானச் சாப்பாடு சமைக்கும் குசினியில் வேலை செய்த காலத்தைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: "நீங்கள் அந்த நாளில் வில்லோடு பஸ்ஸில் திரிந்தீர்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" அதை எழுதினால் அம்மாவையும் எழுதவேண்டும். அதனால்தான் இத்தனை கிழமை தள்ளிப்போட்டேன். இனித் தள்ள முடியாது.

எங்கள் ஊர்க் கோபம்

கோபம் வந்தால் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள், அடிபடுவார்கள், பிறகு சேருவார்கள். அது மற்ற ஊர்களில். நாங்கள் 'கதை இல்லை' என்று ஒன்று வைத்திருக்கிறோம். 'அவைக்கும் இவைக்கும் கதை இல்லை' என்றால் விஷயம் முடிந்தது. ஆனால் கதை இல்லாதவர்கள் பேசமாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகப் பேசுவார்கள். நடுவில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

என் மாமாமார் இருவர் ஒரே கடையில் கதை இல்லாமல் வியாபாரம் செய்தவர்கள். சீனி வாங்க வந்தவரிடம், "சீனி மூட்டை பின்னாலை கிடக்கெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ" என்பார் ஒருவர். வந்தவர் சொல்லுவார். மற்றவர் போய் எடுத்து வருவார். சனம் அதைப் பெரிய விஷயமாக எடுத்ததே இல்லை.

எனக்கும் அண்ணைக்கும் கதை நின்றது என் கலியாணத்தில். அன்ரன் மன்னார் ஆள், வேதக்காரர். நான் முருகன் கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் பிறந்த பிள்ளை. லண்டனில் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்ப் போய் மனம் ஒத்துப்போனது. அம்மா அப்போது கொழும்பில் வந்து நின்றார். போனில் அவரிடம் சொன்னேன். "அண்ணைக்கு நீங்களே பக்குவமாச் சொல்லுங்கோ அம்மா. நான் சொன்னால் குழப்பிப்போடுவன்" என்றேன். "ஓம் ஓம், அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அம்மா.

அண்ணை அப்போதே கனடாவில். கலியாணம் நடந்தது. அவரிடமிருந்து ஒரு வாழ்த்தும் இல்லை, ஒரு வசவும் இல்லை. வசவு வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். பிறகு அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் எடுத்தால் அம்மா கதைப்பார், பின்னால் அண்ணையின் இருமல் கேட்கும். "அங்கை குளிரோ எண்டு கேளுங்கோ" என்ற குரலும் கேட்கும். அம்மா உடனே, "அங்கை குளிரோ பிள்ளை?" என்பார். "குளிர்தான்" என்பேன். "குளிராம்" என்று அம்மா அங்கே சொல்லுவார்.

அந்த இருமல் எனக்கு ஒரு கிழமைக்குப் போதும். வேலையில் தட்டு அடுக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, உலையில் அரிசி போடும்போது அதுதான் காதில். சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் பழக்கியவர், நான் விழுந்தால் எனக்கு முதல் அழுதவர், என்னோடு கதைக்காமல் எப்படி இருக்கிறார் என்ற நினைப்பு ஒரு இடத்தில் இருக்கவிடாது. எழும்புவேன், நடப்பேன், சன்னலைத் திறப்பேன், பூட்டுவேன். "நீர் நடந்து நடந்து இந்தக் கவுன்சில் வீட்டின்ரை காப்பெற்றைத் தேய்ச்சுப்போடுவீர்" என்பார் அன்ரன்.

அம்மா கொண்டுவந்த செய்தி

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "மெய்யே பிள்ளை, அண்ணை ஒவ்வொரு கார்த்திகையும் மான் வேட்டைக்குப் போறவன், உனக்குத் தெரியுமோ?"

தெரியும். கூட வேலை செய்த ஒரு பின்லாந்துக்காரர் பழக்கிவிட்டது. துவக்கால் சுடுவது இல்லை, வில்லும் அம்பும். அந்தக் காலம் வந்தால் அண்ணை லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவார்.

"நீ வாறதெண்டால் வரலாமாம். ஆனால் அங்கத்தைச் சட்டமாம், நாப்பது இறாத்தல் வில்லு இழுக்கவேணுமாம். அதை இழுக்க ஏலுமெண்டால் வரட்டாம்."

என் நெஞ்சு அடித்த அடி போனுக்குள்ளால் அம்மாவுக்குக் கேட்டிருக்கும். "ஆர், அண்ணையோ சொன்னவர்?"

"ஓம், அவன்தான்."

யோசித்துப் பாருங்கள். காடு. ஒரு மறைவிடத்தில் அண்ணையும் நானும் மட்டும். நடுவில் அம்மா இல்லை, அன்ரன் இல்லை, சீனி வாங்க வந்தவரும் இல்லை. என்னோடு கதைக்காமல் அவர் என்ன செய்வார்? மரத்தோடு கதைப்பாரா? அன்று இரவு எனக்கு நித்திரையே இல்லை.

"நாப்பது இறாத்தல் எண்டால் எவ்வளவு?" என்று காலையில் அன்ரனைக் கேட்டேன்.

"ரெண்டு பெரிய அரிசிப் பை தூக்கிற பலத்தோடை நாணை இழுக்கவேணும்" என்றார். "இஞ்சேரும், உமக்கென்ன பிடிச்சது? ஊறுகாய்ப் போத்தில் திறக்கிறதுக்கே என்னைக் கூப்பிடுறனீர்."

பிரெண்டா

ஹவுன்ஸ்லோவில் வில் பழகும் கிளப் ஒன்று இருக்கிறது என்பதே அதன்பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குளிர்காலத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், வெயில் காலத்தில் அதே பள்ளிக்கூட மைதானத்தில். பழக்கியவர் பிரெண்டா. பகலில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. என் வயதுதான் இருக்கும். கறாரான மனுஷி.

"எதற்குப் பழக விருப்பம்?" என்று கேட்டார். எல்லோரையும் கேட்பதுதான்.

"மான் வேட்டைக்கு" என்றேன்.

மண்டபத்தில் இருந்த அத்தனை வெள்ளைக்காரத் தலையும் திரும்பியது. பிரெண்டா கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தார். பிறகு, இந்த நாட்டில் வில்லால் மானைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்றார். கனடாவில் குற்றமில்லை என்றேன். தான் வீட்டுப் பின்வளவில் முள்ளெலிக்குச் சாப்பாடு வைக்கிற ஆள் என்றார். நான் என்ன சொல்வது? "நல்லது" என்றேன்.

அவர் என்னைத் துரத்தியிருக்கலாம். துரத்தவில்லை. சின்னப்பிள்ளைகள் பாவிக்கிற ஒரு வில்லைத் தந்தார். அதையே காதுவரை இழுக்க எனக்கு நாக்குத் தள்ளியது.

வில் பழகுவது பொறுமைக்காரருக்கான வேலை. நேராக நில், மூச்சை அடக்கு, தோளைப் பதி, இழு, நிறுத்து, விடு. நான் பொறுமைக்காரி இல்லையே! இழுத்த உடனே விட்டுவிடுவேன். அம்பு தட்டிக்கு வெளியே போய்ப் பின்னால் கட்டிய வலையில் தொங்கும். "யாரைத் துரத்துகிறாய், வதனி?" என்று பிரெண்டா கேட்பார். அவருக்கு விளங்கப்படுத்த என் இங்கிலிஷ் போதாது. தமிழிலேயே அதற்குச் சொல் போதாது.

அடித்தது யார்?

பழகத் தொடங்கிய புதிதில் வில்லைப் பிடிக்கும் கையின் உள்பக்கத்தில் நாண் வந்து அடிக்கும். தோல் காப்புக் கட்டினாலும் என் கை வளைகிற வளைவுக்கு அது தப்பித் தப்பி அடித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் இரத்தம் கட்டி நாவல்பழ நிறத்தில் கண்டல்.

வேலைக் குசினியில் கையுறை மாற்றும்போது நாலு தமிழ்ப் பெண்கள் அதைக் கண்டுவிட்டார்கள். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எங்கள் சனம்.

அடுத்த ஞாயிறு, அன்ரனின் மாதா கோயிலில் நடக்கும் மாதாந்தத் தமிழ்ப் பூசைக்கு வருகிற இரண்டு பெண்கள் வீட்டு வாசலில். கையில் ஒரு கேக். அன்ரன் பாவம், ஆசையாகத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே அவரை அவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர் குசினிக்குள் போனதும் ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"பயப்பிடாமல் சொல்லு பிள்ளை. சாமியாரிட்டைச் சொல்லிக் கதைக்கலாம். குடிக்கிறவரோ?"

"ஐயோ அக்கா, இது வில்லு அடிச்சது!"

"வில்லோ?" இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாரும் முதல்லை இப்பிடித்தான் ஏதும் சொல்லுறது. படியிலை விழுந்தன், கதவிலை இடிச்சன் எண்டு. நீ வில்லு எண்டுறாய்."

எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த வில்லை எடுத்து வந்து நாணேற்றி இழுத்தே காட்டினேன். ஒருவர் எழும்பிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மற்றவர், "சரி சரி, விடு பிள்ளை, நம்புறம்" என்றார். இருவரும் கேக்கைக்கூட வெட்டாமல் போய்விட்டார்கள்.

அடுத்த மாதப் பூசையில் கதை மாறிவிட்டது. புருஷனுக்குத் திருப்பி அடிப்பதற்கு வதனி வில் வாங்கி வைத்திருக்கிறாளாம். "அடிச்சது வில்லு, பேர் எனக்கு. இனி அடிவாங்கிற பேரும் எனக்கே?" என்றார் அன்ரன். அந்த வருஷத்தில் நான் வயிறு நோகச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

ரிச்மண்டில் ஒரு பின்னேரம்

மான் எப்படி நடக்கும், எங்கே பார்த்து எய்யவேண்டும் என்று தெரியாமல் காட்டுக்குப் போய் என்ன செய்வது? வேலை இல்லாத நாட்களில் பஸ் ஏறி ரிச்மண்ட் பூங்காவுக்குப் போவேன். அங்கே மான்கள் கூட்டங்கூட்டமாய்த் திரியும். கொம்பன்கள் சேற்றில் புரண்டு எழும்பி அடித்தொண்டையால் கத்தும். நான் ஒரு மரத்தடியில் குந்தியிருந்து, மனதுக்குள் நாணை இழுத்து, மனதுக்குள் விடுவேன்.

ஒரு நாள் அன்ரனும் வந்தார். "பாவமாயில்லையே உமக்கு?" என்று கேட்டார். கொஞ்சம் தள்ளி ஒரு பெண்மான் படுத்திருந்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பாவமாக இருந்ததா? உண்மையைச் சொல்கிறேன். எனக்கு மானில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. காட்டுக்குப் போக மான் ஒரு சாட்டு. அந்தப் பெண்மான் இருந்த இடத்தில் எனக்கு அண்ணையின் முதுகுதான் தெரிந்தது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போகிற முதுகு.

"உங்களுக்கு அவரிலை கோபம் வாறதில்லையே?" என்று கேட்டேன். அண்ணைக்கு அன்ரனோடு கோபம் இல்லை, அது இன்னொரு கூத்து. கலியாணமாகி இரண்டாம் வருஷமே போனில் "தம்பி, சுகமே?" என்று மரியாதையாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார். கோபமெல்லாம் சொந்த இரத்தத்தோடு மட்டுந்தான்.

"எனக்கேன் கோபம்?" என்றார் அன்ரன். "எனக்கு உம்மைப் பாக்கத்தான் ஏலாமல் கிடக்கு. வில்லை இழுத்துப்போட்டு அவர் கதைக்காட்டில் என்ன செய்வீர்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க விருப்பமும் இல்லை. எழும்பி வேகமாக நடந்தேன்.

கதவுப்பிடியும் றப்பரும்

வசந்தம் வந்தபோது முப்பது இறாத்தல் வில்லை இழுத்தேன். அதற்கு மேல் ஏறவில்லை. குசினிக் கதவுப்பிடியில் சைக்கிள் ரியூப்பைக் கட்டி, சோறு வேகும் நேரமெல்லாம் இழுத்தேன். ஒரு நாள் பிடியே கழன்று கையோடு வந்தது. வீட்டுச் சொந்தக்காரரான கவுன்சிலுக்குச் சொன்னபோது, எப்படிக் கழன்றது என்று கேட்டார்கள். அன்ரன் போனைக் கையால் மூடிக்கொண்டு, "என்னெண்டு சொல்ல? மான் வந்ததெண்டோ?" என்றார்.

தோள் வீங்கியது. பிரெண்டா ஒரு மாதம் வில்லைத் தொடக்கூடாது என்று தடைபோட்டார். அந்த மாதம்தான் பொல்லாத மாதம். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல் வீட்டிலுள்ள அலுமாரி எல்லாம் அடுக்கிக் குலைத்து மறுபடி அடுக்கினேன். பயணப் பத்திரத்தில் கனடா விசாவும் குத்தியாகிவிட்டது. கார்த்திகை வந்துகொண்டிருக்கிறது, தோள் கேட்கவில்லையே! வேலையில் தட்டுகளைப் போட்டு உடைத்தேன். ஞாயிறு போனில் அண்ணை இருமினார். "தங்கச்சியின்ரை கை எப்பிடியாம்?" என்று அம்மாவைக் கேட்டதும் கேட்டது. 'தங்கச்சி' என்ற சொல்லுக்கு அன்று பின்னேரம் முழுக்க அழுதேன்.

தோள் ஆறியது. ஆடி மாதக் கடைசியில் பிரெண்டா தன்னுடைய பழைய வில்லைக் கொண்டுவந்தார். நாற்பது. முதல் நாள் பாதியில் நின்றது. பிறகொரு நாள் முழுதாக வந்தது, கன்னத்தைத் தொட்டது. கை உதறியது, பல் கிட்டியது, ஆனால் வந்தது. மான் வேட்டையே பிடிக்காத பிரெண்டா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்.

மைதானத்துக்கு வந்தவர்

அந்த ஆவணியில் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணம். அண்ணை அதற்கு வந்தார். மணவறைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். தலைமுடி நரைத்துவிட்டது. பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், அன்ரனிடம் போய் ஏதோ சொன்னார். அன்ரன் என்னிடம் வந்தார்.

"நாளைக்கு வில்லைக் கொண்டுவந்து இழுத்துக் காட்டட்டாம்."

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலை நாங்கள் அங்கே நின்றோம். முழங்கை பதிந்திருக்கிறது என்றார். கால் பிழை என்றார். அம்பு இடப்பக்கம் பதிவாகப் போகிறது, ஏனென்று கேளும் என்றார். எல்லாம் அன்ரன் வழியாக. கொஞ்ச நேரத்தில் அன்ரனுக்கும் அலுத்துவிட்டது. காரை வாசலில் மறித்து விட்டிருக்கிறதாம், எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்று நழுவினார். காரை அவர் சரியாகத்தான் விட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

நடுவில் ஆள் இல்லை.

அண்ணை அங்கும் இங்கும் பார்த்தார். பிரெண்டா நின்றார். அவரிடம் போய் இங்கிலிஷில், "நாண் விரலைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி அவளுக்குச் சொல்லுங்கள்" என்றார்.

பிரெண்டா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "அவள் இங்கேதானே நிற்கிறாள். நீங்களே சொல்லுங்களேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

எனக்குக் காது இரைந்தது. இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. நான் தட்டியைப் பார்த்து அம்பைத் தொடுத்தேன். இழுத்தேன். நாற்பது இறாத்தலும் கன்னத்துக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து, சாம்பல் நிறக் கோட் ஒன்று என் அம்புக்கு முன்னால் நடந்து போகிறது.

அண்ணை! என் அம்புகள் ஏன் இடப்பக்கம் போகின்றன என்று தட்டியில் போய்ப் பார்க்க வெளிக்கிட்டிருக்கிறார். ஆட்கள் வரிசையில் நின்று எய்யும்போது முன்னால் போட்ட கோட்டைத் தாண்டக்கூடாது என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவர் காட்டில் தனியே எய்கிறவர். ஆனால் அதல்ல விஷயம். "நில், நான் போறன்" என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். அதைச் சொல்ல அவருக்கு ஆள் கிடைக்கவில்லை.

பிரெண்டா கத்தினார். வரிசை முழுக்க வில்லைக் கீழே பதித்தது. என்னால் முடியவில்லை. இழுத்த நாணை அம்போடு மெல்ல மெல்லத் திரும்ப இறக்குவது, இழுப்பதைவிடக் கஷ்டம். விரல் எரிகிறது, தோள் துடிக்கிறது, அம்பின் நுனியில் என் அண்ணையின் முதுகு. முருகா, மாதாவே என்று எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். நாண் இறங்கியது. அம்பு நிலத்தில் விழுந்தது.

"அண்ணை!" என்று கத்தினேன். "உங்களுக்கென்ன விசரே? செத்திருப்பியள்! என்ரை கையாலை செத்திருப்பியள்!"

அவர் திரும்பினார். முகத்தில் இரத்தம் இல்லை. வாயைத் திறந்தார், மூடினார். யாரிடமாவது சொல்லி அனுப்பலாமா என்று பார்த்திருக்கவேண்டும். அன்ரன் எங்கோ கேற்றடியில்.

"கத்தாதை" என்றார். "சனம் பாக்குது."

ஏழு வருஷத்துக்குப் பிறகு என் அண்ணை எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது.

"பாக்கட்டும்! ஏழு வருஷமா வாய் திறக்கேல்லை, இப்ப சனம் பாக்குதாம்!"

"நீ வாய் திறந்தனியோ?" அவரும் கத்தினார். அந்தக் கோட்டையும் திரும்பத் தாண்டி, மழையிலும் நனைந்து, என் முன்னால் வந்து நின்று கத்தினார். "கலியாணம் கட்டப்போறன் எண்டு ஒரு வார்த்தை எனக்குச் சொன்னனியோ? வேலையிலை ஆரோ ஒருத்தன் வந்து கை குடுத்து, தங்கச்சிக்குக் கலியாணமாமே எண்டு கேட்டான். நான் என்னத்தைச் சொல்லுறது? ஓம் எண்டு சிரிச்சனான். சிரிச்சுப்போட்டுக் கக்கூசுக்குள்ளை போய் நிண்டு அழுதனான்."

"அம்மாட்டைச் சொல்லிவிட்டனான்!"

"அம்மா ஒண்டும் சொல்லேல்லை."

"பக்குவமாச் சொல்லுறன் எண்டவ!"

"சொல்லேல்லை எண்டுறன்."

ஒரு விமானம் போனது. அது போய் முடியும்வரை இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பேந்து ஏன் நாப்பது இறாத்தல் இழுத்தால் வரலாமெண்டு சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் எங்கை வரச்சொன்னனான்? தங்கச்சி காட்டுக்கு வர ஆசைப்படுறாள் எண்டு அம்மாதான் வந்து நிண்டவ. அது நாப்பது இறாத்தல் வில்லு இழுக்கிற வேலை, அவளுக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ எண்டனான்."

"நான் எங்கை ஆசைப்பட்டனான்!"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். அம்மாவை நினைத்ததும் இரண்டு பேருக்கும் கோபமாக வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தால் சிரிப்பாக வந்தது. அண்ணை சிரிக்க முயன்று இருமினார். இந்த முறை அந்த இருமலைப் பக்கத்தில் நின்று கேட்டேன். கிளப்காரர்கள் மழைக்குள் வரிசையாக நின்று, நாங்கள் எப்போது முடிப்போம் என்று மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கை, இன்னொருக்கா இழு பாப்பம்" என்றார் அண்ணை.

இழுத்தேன். கையில் ஒரு சொட்டுப் பலமும் மிச்சமில்லை. நாண் பாதியில் நின்றுவிட்டது.

"சரி விடு" என்றார். "கார்த்திகைக்கு இன்னும் நாள் கிடக்கு."

காட்டில்

போனேன். கனடாக் காட்டில், மரங்களுக்கு நடுவே உயரத்தில் பலகை அடித்த மறைவிடம். விடிகிறதற்கு முன் ஏறி உட்காரவேண்டும். நாற்பது இறாத்தல் வில் மடியில். மூச்சுப் புகைகூட வெளியே தெரியாமல் சால்வைக்குள் விடவேண்டும் என்றார் பின்லாந்துக்காரர். அவர் காட்டின் மறுபக்கத்தில் இருந்தார்.

"குளிருதே?" என்று அண்ணை கிசுகிசுத்தார். "இல்லை" என்று கிசுகிசுத்தேன். "உனக்குச் சின்னனிலையும் குளிர் தெரியாது" என்றார். அதிலிருந்து தொடங்கியது. கிசுகிசுப்புக் குரலாகி, குரல் சிரிப்பாகி, ஒருமுறை அழுகையாகவும் ஆனது. ஏழு வருஷக் கதை, எங்கே போய் அடங்கும்? நாங்கள் அங்கே இருந்த ஒரு காலையிலும் ஒரு மான் என்ன, ஒரு முயல்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. காட்டுக்குள் ரேடியோப் பெட்டி கொண்டுவந்து வைத்தது யார் என்று கடைசி நாள் பின்லாந்துக்காரர் கேட்டார். நான் ஒரு அம்பும் விடவில்லை.

வெறுங்கையோடு வீடு வந்தோம். கறித்தூள் வறுத்த வாசம் வாசல்வரை வந்தது. அம்மா கதவைத் திறந்து எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்கையடா மான்?"

"வரேல்லை அம்மா" என்றார் அண்ணை, சப்பாத்தைக் கழற்றியபடி. "நாங்கள் கதைச்சுப்போட்டம்."

அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த அகப்பையை முன்னால் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என்னைப் பற்றித்தான் கதைச்சிருப்பியள்."

"ஓம்" என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக.